அடுத்த கட்டிலில் இருந்தவர்

மார்ச் 4, திங்கள்

விடியப் பனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இறங்குதுறையில் கட்டியிருந்த வள்ளங்கள் எல்லாம் ஆகாயத்தில் மிதந்தன. நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு: உடுக்கச் சாரம் 2, சுடுதண்ணீர்ப் போத்தல், சவர்க்காரம், வீட்டுக்காரருடைய கண்ணாடி, செபமாலை (இவர் கேட்கவில்லை, நானாகத்தான்).

இவருக்குக் காலில் தகடு வைத்து இன்று மூன்றாம் நாள். வலி குறைவு. முகம் மட்டும் தெளியவில்லை. மதியம் பார்வை நேரத்துக்குப் போனேன். அடுத்த கட்டிலில் புது ஆள். நேற்றுவரை இருந்த கிழவர் வீட்டுக்குப் போய்விட்டார். புது ஆளுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. பக்கத்துக் கதிரையில் சீருடையோடு ஒரு காவலர், சிங்களவர். தாதியிடம் மெல்லக் கேட்டேன். இந்திய மீனவராம். இராமேஸ்வரம் பக்கம். பெயர் முனியசாமி. எல்லை தாண்டிப் பிடிபட்டவர். பிடிபடும் முன்னரே அவர்களுடைய இழுவைப்படகில், கயிறு சுற்றும் இயந்திரத்தில் கை இரண்டும் சிக்கிவிட்டதாம்.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. தை மாதத்தில் ஓர் இந்திய இழுவைப்படகு எங்கள் வலைகளை வாரிக்கொண்டு போனது. காலையில் போய்ப் பார்த்தால் துண்டுகள். அந்த வலையில் பாதி முடிச்சு என் கையால் போட்டது. வலை இல்லாமல்தான் இவர் வேறொருவர் படகில் ஆளாகப் போனார். அந்தப் படகில் வழுக்கி விழுந்துதான் கால் முறிந்தது.

புட்டும் மீன்குழம்பும் கொடுத்தேன். சாப்பிட்டார். அடுத்த கட்டிலின் அலுமாரிமேல் ஆஸ்பத்திரிச் சோறு தொடப்படாமல். ஓரத்தில் இரண்டு ஈ. அந்த மனிதர் சோற்றைப் பார்த்தபடி.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. தலை லேசாகச் சுற்றுகிறது, நித்திரை போதாது.

இங்கே எழுதினால் யாருக்கும் தெரியாது. நேற்று அந்தக் கைக்கட்டைக் கண்டவுடன் முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். சின்னதாக, இனிப்பாக. நல்லாய் வேணும் என்று ஒரு குரல். என் குரல்தான்.

இன்றும் அதே சோறு. சிற்றூழியர் வந்து ஊட்டுகிறார்தான். ஆனால் வார்ட் நிறைய ஆட்கள், அவர் இந்தக் கட்டிலுக்கு வரும்போது சோறு ஆறி விறைத்துவிடும். தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். அலுமாரியில் வைத்த கோப்பைக்குக் குனிந்து, உதட்டால் விளிம்பைப் பிடித்து, ஆடு குடிப்பதுபோல. பாதி நெஞ்சில் வழிந்தது. எங்களுக்குத் தெரியக்கூடாது என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"அங்கை என்ன பார்க்கிறாய்?" என்று இவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பின்னேரம் பாயில் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. வார்ட் ஜன்னல் திரைச்சீலைகள் எல்லாம் வலைகள். காற்றில் ஊதி ஊதி எழும்புகின்றன. கட்டில்கள் மெல்ல அசைந்து கடலில் போகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல். நான் கரையில் நின்று எண்ணுகிறேன். எத்தனை எண்ணினாலும் ஒன்று குறைகிறது.

எழும்பினால் தலையணை முழுக்க வியர்வை. மல்லித்தூள் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 6, புதன்

பின்னேரம் ஐந்து மணிக்குப் போனேன். இடியப்பம், சொதி, சம்பல். இவரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் கட்டில். உட்கார்ந்து காத்திருந்தேன். மேற்குப்பக்க ஜன்னலால் வெயில் மஞ்சளாக உள்ளே இறங்கி, எல்லாருடைய வெள்ளைத் துணியும் பொன்னிறம். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது.

"அக்கா" என்றார் அந்த மனிதர்.

கண் இமையில் ஈ. ஊதி ஊதிப் பார்த்திருக்கிறார், போகவில்லை. எழும்பி விரட்டினேன். விரட்டிய பிறகு திரும்பி உட்கார முடியவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். அலுமாரிமேல் இருந்த ஆறிய சோற்றைப் பார்த்தார். காவலரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

இடியப்பத்தைச் சொதியில் நனைத்து ஊட்டினேன். மன்னாரில் கட்டிக்கொடுத்த மகளுக்குச் சின்ன வயதில் ஊட்டிய பிறகு யாருக்கும் ஊட்டியதில்லை. பெரிய ஆம்பிளை ஒருவர் வாயைத் திறப்பது பார்க்கவே என்னவோ செய்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம். படகு அவருடையது இல்லையாம், முதலாளியுடையது. கூலிக்குப் போகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள்.

அப்போது கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "எங்கடை வலை கிடக்கிறது உங்களுக்குத் தெரியாதோ? மிதவையிலை லைற் கட்டித்தானே விடுறம்?"

மெல்லுவதை நிறுத்தினார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். நம்புவதற்குத்தான் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"தெரியும்க்கா. லைட்டு தெரியும். தெரிஞ்சேதான் இழுத்திருக்கோம்."

அடுத்த பிடி என் விரல்களில். சொதி மணிக்கட்டுவரை வழிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார், இனித் தரமாட்டாள் என்று. ஆண்டவரே, நீர் அந்த நேரம் எங்கே நின்றீர்? எனக்குப் பின்னாலா, அவருக்குப் பின்னாலா?

அந்தப் பிடியை அவர் வாயில் வைத்தேன். மன்னித்தேனா என்று தெரியாது. கை போனது, அவ்வளவுதான்.

இவரைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். வெறும் பாத்திரத்தைப் பார்த்தார். அடுத்த கட்டிலைப் பார்த்தார்.

மார்ச் 7, வியாழன்

மேகம், மழை இல்லை. முருங்கையிலை வறை, சோறு, மீன் பொரியல். ஒன்றையும் தொடவில்லை.

"அவனுக்கு ஊட்டின கையாலை எனக்கு வேண்டாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. களைத்த குரலில் சொன்னார். அடுத்த கட்டிலுக்குக் கேட்டிருக்கும். இரண்டு அடி இடைவெளிதானே.

இவரோடு கடலுக்குப் போகிற இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் மச்சாள் பிலோமினா, இவருடைய தங்கை, வீட்டுக்கே வந்துவிட்டா. ஒழுங்கை முழுக்கத் தெரியுமாம். அண்ணைக்குக் கால் முறிந்து கிடக்கிறபோது நான் வலை அறுத்தவனுக்கு இடியப்பம் தீத்துகிறேனாம். அந்த மனிதர் ஒத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன். அது இன்னும் பிழையாகப் போனது. ஒத்துக்கொண்டவனுக்கோ சாப்பாடு என்று கேட்டா.

அவ கேட்டதில் பிழை இல்லை. எங்கள் ஒழுங்கையில் வலை பறிபோகாத வீடு எது?

செபம் சொல்ல உட்கார்ந்தேன். ஓடவில்லை. மணிகளை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தேன். கடவுளை நேசிப்பது எனக்கு என்றுமே கஷ்டமாக இருந்ததில்லை. அவர் ஒருநாளும் என் வலையை அறுத்ததில்லை.

மார்ச் 8, வெள்ளி

காலைப் பூசை. தவக்கால வெள்ளி, நிறைய ஆட்கள். அரைத் தூக்கம் எனக்கு. மெழுகுதிரி வெளிச்சம் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நற்செய்தியில் அந்த இரண்டு கட்டளைகள். முதலாவது கடவுளை முழு மனத்தோடு, இரண்டாவது அடுத்திருப்பவரை. எத்தனை தவக்காலம் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்தச் சொல் காதில் விழுந்தது. அடுத்து இருப்பவர். என்னுடையவர் 11ஆம் கட்டில். அடுத்து இருப்பவர் 12ஆம் கட்டில்.

சிரிப்பு வந்துவிட்டது. கோவிலில். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தா.

மதியம் குரக்கன் புட்டும் பருப்பும். இன்றைக்கு ஒளிப்பதில்லை என்று போனேன். இவரிடம் நேரே சொன்னேன்: "நான் அவருக்குக் குடுக்கப் போறன். நீங்கள் ஏசினாலும் குடுப்பன். உங்களுக்கும் அதே கையாலைதான். வேறை கை என்னட்டை இல்லை."

கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

12க்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்தேன். அந்த மனிதர் தலையை ஆட்டினார். "வேணாம்க்கா. அண்ணன் சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்."

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் பாத்திரத்தோடு நான். இரண்டு ஆம்பிளைகளும் பட்டினி. காவலர் என்னை இரக்கமாகப் பார்த்தார். பார்வை நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வந்து வேப்பமரத்தடி வாங்கில் உட்கார்ந்து, அவ்வளவு புட்டையும் நானே சாப்பிட்டேன். அழுதுகொண்டே. நல்ல பசி.

மார்ச் 9, சனி

மதியம் மச்சாள் போனா. நான் போனால் இவர் சாப்பிடமாட்டார் என்று. வெயிலுக்குள் திரும்பிவந்து படியில் உட்கார்ந்தா. முகம் வேறு மாதிரி. தண்ணீர் கேட்டா.

பிறகு மெல்லச் சொன்னா. காலையில் டொக்டர் வந்து அந்த மனிதரின் கட்டைப் பிரித்துப் பார்த்தாராம். இடது கை தப்பும். வலது கை கறுத்துவிட்டது. திங்கட்கிழமை மணிக்கட்டோடு எடுக்க வேண்டுமாம். எல்லாம் அண்ணைக்குப் பக்கத்தில் வைத்தே சொன்னார்களாம்.

"அந்தாள் ஒண்டும் கேக்கேல்லை, மச்சாள். கையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தது. அண்ணையும் அந்தக் கையைத்தான் பார்த்தவர்." இவ்வளவையும் சொல்லிவிட்டு, பின்னேரத்துக்கு என்ன சமைக்கிறாய் என்று கேட்டா. தேங்காயைத் தானே எடுத்துத் துருவத் தொடங்கினா.

பின்னேரம் இரண்டு பேரும் போனோம். புட்டு, கணவாய்க் கறி. கடற்காற்று எழும்பியிருந்தது. வார்ட் ஜன்னல்கள் திறந்து கிடந்தன, திரைச்சீலைகள் மெல்ல மெல்ல. கால் நிலத்தில் பாவாததுபோல எனக்கு.

இவர் எழும்பிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலைத் தள்ளச் சொன்னார். சுவரோடு சேர்த்து விலக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் பிடித்தேன்.

"உங்காலை இல்லை. அவன்ரை பக்கம்."

எனக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். நானும் மச்சாளும் தள்ளினோம், கட்டில்கால் சில்லு இறுகிப்போய் அசையவில்லை. காவலர் எழும்பி வந்து, தொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு, ஒரு கை கொடுத்தார். இரும்பு சிமெந்தில் கீச்சென்று இழுபட்டது. வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு கட்டிலும் தட்டுப்பட்டு நின்றன.

இவர் கையை நீட்டினார். பாத்திரத்தைக் கொடுத்தேன். புட்டைக் கறியோடு குழைத்தார், வீட்டில் தனக்குக் குழைப்பதுபோலவே, அவசரமில்லாமல். ஒரு பிடி பிடித்தார். அந்த மனிதர் அழத் தொடங்கிவிட்டார்.

"என்ரை வலையை நான் மறக்கேல்லை. மறக்கவும் மாட்டன்" என்றார் இவர். "இப்ப வாயைத் திற."

அவருக்கு ஒரு பிடி. தனக்கு ஒரு பிடி. அதே கை. மச்சாள் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டா. சிற்றூழியர் வந்து, கட்டிலை யார் இழுத்தது என்று சத்தம் போட்டார். காவலர் தன்னைக் காட்டினார்.

வீட்டுக்கு வரும்போது கடல் வெளிறிய பச்சை. கரையோரமாகவே நடந்தோம். உள்ளுக்குள் ஏதோ ஒன்று பாடிக்கொண்டே வந்தது, என்ன பாட்டு என்று பிடிபடவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரி. கோழி இல்லை, தவக்காலம். மீன்குழம்புச் சோறு. கட்டில்களை யாரோ திரும்பப் பிரித்து வைத்திருந்தார்களாம். நான் போகும் முன்பே காவலர் மறுபடி சேர்த்துவிட்டார்.

நான் போனபோது இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கணவாய் பற்றி. இவர்தான் அதிகம் கதைத்தார். சாப்பாடு இவரே ஊட்டினார்.

பிறகு இவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். முனியசாமியின் மனைவிக்கு அவர் பிடிபட்டது மட்டும்தான் தெரியுமாம். ஆஸ்பத்திரி தெரியாது, நாளைக்கு நடக்கப்போவது தெரியாது. ஃபோன் இலக்கம் அவருக்கு மனப்பாடம். இதை மனைவிக்கு அவரால் சொல்ல முடியாது. ஒரு பெண்பிள்ளை சொன்னால் நல்லது, நீ சொல்லு என்றார் இவர். தன் ஃபோனில் இலக்கத்தை அழுத்தி என் கையில் வைத்தார். காவலர் ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி போனது. கடலுக்கு அந்தப் பக்கம், எங்கேயோ ஒரு வீட்டுக்குள். நீண்ட நேரம். பிறகு ஒரு பெண் குரல். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கதைக்கிறேன், உங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு, முதன்முதலாக அவ கேட்டது:

"சாப்பிட்டாராக்கா?"

ஓம் என்றேன். இப்பதான் சாப்பிட்டவர்.