முப்பதாவது குண்டூசி

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே மலைமேல் அப்படியே இருக்க வேண்டும், முக்கியமாக இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை அப்படியே இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. திங்கட்கிழமை உனக்கு ஒரு பார்சல் போட்டேன். ஒரு போர்வை, இரண்டு தலையணை உறை, உன் அறை ஜன்னலுக்கு ஒரு திரை, எல்லாம் நானே தைத்தது. பார்சல் முந்திக்கொண்டு வந்திருந்தால் பிரிக்காதே. பிரித்துவிட்டாய் என்றால் போர்வையை மடித்து நாற்காலிமேல் வை, போர்த்தாதே, அதன்மேல் உட்காராதே, உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணையும் தொட விடாதே. அதற்குள் ஒரு குண்டூசி மாட்டிக்கொண்டிருக்கலாம்.

உன் ஆராய்ச்சி நிலையத்து அலுவலக எண்ணுக்கு நேற்றிலிருந்து அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது, மழையில் லைன் போய்விட்டது போலிருக்கிறது. தபால் ஆபீஸில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன், பார்சல் மலையேற எட்டு நாள் ஆகும், விரைவுத் தபால் என்றால் நாலு நாள் என்றாள். அந்தக் கணக்குப்படி கடிதம் ஜெயிக்க வேண்டும். பார்சலை வழியில் நிறுத்த முடியாதா என்றும் கேட்டேன், அது லாரி ஏறிப் போய்விட்டதும்மா, நான் என்ன பின்னாலேயே ஓடவா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

என் வழக்கம் உனக்குத் தெரியும், மெஷினை மூடுவதற்கு முன்னால் குண்டூசிகளை எண்ணாமல் எழுந்திருக்க மாட்டேன். முத்துத் தலை வைத்த முப்பது, ஆறு நிறம், நிறத்துக்கு ஐந்து. உன்னை மடியில் போட்டுக்கொண்டு கல்லூரிப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் ஆரம்பித்தது அது, எனக்கு அப்போது உன் இப்போதைய வயசுகூட ஆகவில்லை, நீயோ தரையில் எது கிடந்தாலும் வாய்க்குள் போட்டுப் பார்க்கிறவள். இத்தனை வருஷத்தில், இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், ஒருநாள்கூடத் தவறவில்லை. செவ்வாய்க்கிழமை சின்னவளுக்கு டிபன் பை தைக்கலாம் என்று டப்பாவைத் திறந்து எண்ணினேன், இருபத்தொன்பது. மறுபடி எண்ணினேன், சின்னவளையும் எண்ணச் சொன்னேன், வெள்ளை நாலுதான். மெஷினைச் சாய்த்துப் பார்த்தாயிற்று, பாயை உதறியாயிற்று, துணி அலமாரியில் இருந்த அத்தனை துண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடவிப் பார்த்தாயிற்று. அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, குண்டூசி கிடைக்கிறதோ இல்லையோ, நம் வீட்டில் ஒரு துணிக்கடை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துத் தேடினார்.

எதிர்க்கடை டெய்லரிடம் காந்தம் கேட்கப் போனேன். என் கடையில் ஊசியை எண்ண ஆரம்பித்தால் சட்டை தைப்பது எப்போது மேடம் என்று கிண்டலாக ஆரம்பித்தவர், மகளுக்கு அனுப்பிய போர்வை என்று சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் இதற்கு இழுக்காது என்று தன்னுடையதையே எடுத்துக் கொடுத்தார். அதைத்தான் இந்த உறைக்குள் அட்டையில் வைத்து ஒட்டியிருக்கிறேன், தொலைத்துவிடாதே, அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீ கட்டிலில் படுக்கிறவள் இல்லை, விழுகிறவள், அதுவும் முகம் குப்புற.

எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன். போர்வையில் நாற்பத்திரண்டு கட்டம். நடுவில் நீலக் கோடு போட்டது கடை மூடுகிறார்கள் என்று ஓடிப்போய் வாங்கிய கட்பீஸ். மஞ்சள் பூ போட்டது, என்ன செய்வது என்றே தெரியாமல் நாலு வருஷம் வைத்திருந்து வைத்திருந்து எடுத்துத் தடவிப் பார்ப்பேனே, அது. கத்தரி வைக்க மனசே வரவில்லை, வெட்டியபிறகு இதற்காகத்தான் காத்திருந்தது என்று தோன்றியது. அங்கெல்லாம் இருக்காது. கால்பக்கத்து ஓரம் மட்டும் இரண்டு வரிசைத் தையல் ஓடியிருக்கும், கொஞ்சம் கோணலாகவும் இருக்கும், இருந்தால் அங்கேதான், மேல்துணிக்கும் உள்ளே வைத்த கம்பளிக்கும் நடுவில். உள்ளங்கையால் அழுத்தாதே. மேசையில் விரித்து, காந்தத்தை மேலே வைத்து மெதுவாக நகர்த்து, எங்கே இழுக்கிறதோ அங்கே நிறுத்து.

அந்த ஓரம் ஏன் கோணல் என்று கேட்பாய். போர்வை முன்பே முடிந்துவிட்டது. மெல்லிசாகத்தான் தைத்தேன், மூன்று மாதம்தானே, குளிர் ஆரம்பிப்பதற்குள் வந்துவிடுவாய் என்று. பிரவுன் பேப்பரில் சுற்றிக் கட்டிவைத்த அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சரி என்று சொல்லிவிட்டேன்மா, கோபித்துக்கொள்ளாதே என்று. இருபது நாளாக நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் என்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னாய் என்ற வரிதான் வந்தது, அதைக் கிழித்துப் போட்டேன், மறுநாளும் அதே வரிதான். அப்பா, அவள் கேட்டிருந்தால் நீ போகச் சொல்லியிருப்பாயா என்றார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தேன், கால்பக்கத்துத் தையலைப் பிரித்தேன், பீரோவில் இருந்த பழைய கம்பளியை உள்ளே வைத்து, முப்பது ஊசியும் குத்தி, திரும்பத் தைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, பல்பு மங்கல் என்று அப்பாவிடம் சொன்னேன், அவரும் பாவம் பல்பை மாற்றினார். விட்டால் மறுபடி மனசு மாறிவிடும் என்று அன்றைக்கே கட்டி, காலையில் தபால் ஆபீஸ் கதவு திறக்கும்போதே போய்ப் போட்டுவிட்டேன். எண்ணவில்லை. அன்றைக்கு ஒருநாள்தான் எண்ணவில்லை.

கிடைக்காவிட்டால் போர்வையைத் திருப்பி அனுப்பு என்று எழுத வந்தேன். அதற்குப் பதில் வேறொரு வரி எழுதி அடித்திருக்கிறேன் பார், மேலேயே கறுப்பாக இருக்கிறதே, நீயே எடுத்துக்கொண்டு வா என்றுதான் எழுதியிருந்தேன். அது வேண்டாம். காந்தத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றால் அந்த ஓரத்தைப் பிரித்துக் கம்பளியை வெளியே எடுத்து உதறிப் பார்த்துவிட்டு, நீயே திரும்பத் தைத்துக்கொள். திரைத் துணியின் ஓரத்தில் ஊசியும் நூலும் குத்தி வைத்திருக்கிறேன், அந்த ஊசியை எண்ணித்தான் வைத்தேன். கோணலாக வந்தால் பரவாயில்லை, என்னுடையதும் கோணல்தான். ஆனால் கம்பளியை மட்டும் உள்ளே வைக்காமல் விட்டுவிடாதே, அங்கே குளிர்காலம் முழுக்க வேண்டும்.

ராத்திரி தனியாகக் காட்டுப் பக்கம் போகாதே, ஈரத் தலையோடு படுக்காதே. நீ எடுத்துக்கொண்ட வேலை நல்லபடியாக நடக்கட்டும், எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இரு. சின்னவள் உனக்கு முத்தம் தரச் சொன்னாள். ஊசி கிடைத்தது, கிடைக்கவில்லை, இரண்டில் ஒன்றை எழுதி உடனே அடுத்த தபால் வண்டியிலேயே போடு. கிடைத்தால் அட்டையில் குத்தி அனுப்பு. டப்பாவில் அதன் இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா