முன்னுரை மட்டும்

பெனிஷாவுக்கு,

போனில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

பத்தாவதோடு நான் நின்று கம்பெனிக்கு வந்த பிறகு, நேற்றுதான் முதல்முறையாக வாட்ஸ்அப்பில் உன் குரல் பதிவு வந்தது. "ஏய், காலேஜ்ல கட்டுரைப் போட்டிடி. முன்னுரை மட்டும் எழுதிக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." எப்படி இருக்கிறாய் என்று எங்காவது கேட்டிருப்பாய் என நினைத்து, மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

கட்டுரைக்காக நீ அனுப்பிய கதையைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். சானமாவு காட்டருகே யானை ரோட்டைக் கடக்கிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "அதுக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போல" என்றாள் ரஞ்சிதா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கதை முடிந்த பிறகும் பஸ் நகரவில்லை.

'இலக்கியம் வாழ்வின் கண்ணாடி' என்று நீ எழுதிப் பார்த்து அனுப்பிய முதல் வரி எந்தக் கதைக்கும் பொருந்தும். அதை அடித்துவிடு. பள்ளியில் நான் எழுதித் தருவேன், நீ எழுந்து வாசித்துக் கைத்தட்டல் வாங்குவாய். அதே மாதிரி இதையும் எழுதியிருக்கிறேன்:

"பல வருடம் பேசாத தங்கையை அக்கா திடீரென வீட்டுக்கு அழைக்கிறாள். எல்லோரும் இதைப் பாசம் என்றே படிக்கிறோம். ஆனால் அவள் அழைத்தது, வீட்டு வேலைக்கு வந்தவள் நின்றுபோன மறுநாள். அக்கா தேடியது இரண்டு கைகளை. இக்கட்டுரை அதைக் கதையிலிருந்தே காட்டும்."

மிச்சத்தை நீ பார்த்துக்கொள். மேடையில் ஏறிச் சத்தமாக வாசி. எனக்கு அந்தத் தைரியம் என்றைக்கும் இருந்ததில்லை. உனக்கு இருக்கும்.

உனக்கு முன்னுரை மட்டும் எழுதுகிறவள்