பாதியில் மூடிய பெட்டி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

ஆபீசில் ஒரு சின்னச் சண்டை. எங்கள் மென்பொருளில், பதிவு முடியும்வரை கம்ப்யூட்டர் திரையை மறிக்கும் 'காத்திருக்கவும்' பெட்டி, முடிந்ததும் தானே மூடும்படி எழுதியிருந்தேன். "முடிஞ்சாலும் முடியலன்னாலும் பத்து செகண்ட்ல மூடணும்" என்று மேனேஜர் நான் தடுத்தும் கேட்காமல் மாற்றினார். அதை வாங்கிய ஒரு ஆய்வகத்தில், பெட்டி மூடியதும் வேலை முடிந்தது என்று நம்பிவிட்டார்கள்; ரத்தப் பரிசோதனை முடிவுகள் பதிவாகாமல் தொலைந்தன.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். மாற்றியவர் என்று பதிவாகியிருந்த அவர் பெயரையே பெரிய திரையில் காட்டினேன்.

"உன்னை யாரு காட்டச் சொன்னா?"

"நீங்கதானே கேட்டீங்க!"

பெட்டி இப்போது என் விருப்பப்படியே மூடுகிறது. என் மேஜையைத்தான் கழிவறையோரம் தள்ளிவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துபோகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

நீங்கள் காலையில் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பதை போனில் பதிந்து அனுப்புங்கள். விளம்பரமானாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்