ஆறு மணி நன்றி ஜெபம்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் கண்ணசந்தீங்க, எழுப்ப மனசு வரல. சோறு குக்கர்ல இருக்கு. சின்னவ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பால் காய்ச்சிக் குடுங்க.

நேத்து டாக்டரம்மா போன் பண்ணினாங்க. கட்டி மறுபடியும் வந்திருக்காம். இன்னைக்கே வந்து ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்க. ரிப்போர்ட் வர்றதுக்குள்ள ஞாயித்துக்கிழமை ஆராதனையில எழுந்து, "கர்த்தர் என் மனைவியைச் சுகமாக்கிட்டார்"னு சாட்சி சொன்னீங்களே, அவசரக்குடுக்கை! உங்க முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்துட்டு, வாய் வரைக்கும் வந்ததை நேத்து அப்படியே முழுங்கிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போதகரும் சபையாரும் நன்றி ஜெபம் பண்ண வந்து நிப்பாங்க. அவங்ககிட்ட என்ன வேணா சொல்லிக்கோங்க. எனக்கு விசுவாசம் பத்தலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. முழங்கால் தேயத்தான் நானும் ஜெபிச்சேன். சுவத்துக்கிட்டப் பேசற மாதிரிதான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரிக்கு நீங்க நாளைக்கு வந்தா போதும், முதல்ல தூங்குங்க.

பி.கு.: பையில நாலு நாளைக்குத் துணி எடுத்திருக்கேன். பூட்டறதுக்கு முன்னாடி, சபைக்குப் போட்டுக்கற நீல உடுப்பையும் மடிச்சு அடியில வெச்சேன், வீட்டுக்குத் திரும்பி வர்றப்போ போட்டுக்க. என்கிட்ட மிச்சம் இருக்கற விசுவாசம் அவ்வளவுதான்.