வெள்ளிப் பூச்சும் கௌரியின் செப்புத் தகடும்

என் கௌரிப் பெண்ணே,

நீ போனதும் நம் தாமான் குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாரும் "அழுதுடும்மா, மனசு லேசாகும்" என்றார்கள். அழுதேன். ஆனால் இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. உன் ஆண்டெனா ஜெயித்துவிட்டது, கௌரி. இதை நான்தானே உன்னிடம் சொல்லவேண்டும்?

செலண்டார் எஸ்டேட்டிலிருந்து நீ, தங்கா பத்துவிலிருந்து நான். கைத்தொலைபேசி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஆண்டெனா அறையில் தமிழ்ப் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். வந்த வாரமே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாய். அடுத்த வாரமே சண்டையும் ஆரம்பம். "இழுத்து விடுற இந்தக் குச்சி எதுக்குக்கா? பையில வச்சா குத்துது, பஸ்ல ஏறினா ஒடியுது. உள்ளுக்குள்ள வச்சிடலாம் லா."

உள்ளே வைப்பது லேசான காரியமா? ஆண்டெனாவைச் சிறிதாக்கினால் அது கேட்கும் அலைவரிசையின் அகலமும் குறுகிவிடும். நம் போனுக்கோ தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் வேண்டும், ஆயிரத்து எண்ணூறும் வேண்டும். போதாததற்கு, பேசுகிறவர் கை மேலே பட்டாலே அது கேட்கிற அலைவரிசை நகர்ந்துபோகும்.

நீ தீப்பெட்டி அளவுக்கு ஒரு செப்புத் தகட்டை எடுத்தாய். அதில் வளைத்து வளைத்து ஒரு பிளவு வெட்டினாய். தகடு சின்னதுதான், ஆனால் மின்சாரம் சுற்றி நடக்க நீளமான பாதை கிடைத்தது. பக்கத்தில், தொட்டும் தொடாமலும் இன்னொரு துண்டை வைத்தாய். ஆண்டெனா எந்த அலைவரிசையில் கேட்கிறதோ அங்கே அளவுக் கருவியின் திரையில் கோடு பள்ளமாக இறங்கும்; ஒடுங்கிக் கிடந்த அந்தப் பள்ளம் அகலமாக விரிந்தது. "கை பட்டா நகரத்தான் செய்யும்க்கா. நகர்ந்தாலும் நம்ம காம்பவுண்டுக்குள்ளேயே நகரட்டும்" என்று சிரித்தாய்.

அப்புறம் அந்த டிங்கிக் காய்ச்சல். தலைவலி என்று சீக்கிரம் கிளம்பியவள், அந்த வாரம் முடிவதற்குள் இல்லை. இன்னும் எவ்வளவோ கேட்டு வைத்திருக்கலாமே. ஏன் அவ்வளவு அவசரம்?

நீ போன மறுமாதம் தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். உன் தகடு தேறாவிட்டால் நம் அறையையே மூடிவிட்டு, வேலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். போனின் புது மூடியையும் கையோடு கொண்டுவந்தார்கள். பளபளவென்று வெள்ளி நிறம். மாட்டினேன். திரையில் பள்ளத்தையே காணோம். கோடு நேராகக் கிடந்தது.

நம் மேனேஜர் டான் என் பக்கம் குனிந்து, "சாந்தி, கௌரி நல்ல பொண்ணு. ஆனா இது ஓடாது லா. குச்சிக்கே திரும்பிடுவோம்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர், "வடிவமைப்பிலேயே ஏதோ தப்பு. செய்தவரும் இல்லை, யாரைக் கேட்பது?" என்றார்.

எனக்குச் சுர்ரென்றது. "நான் இருக்கேன், என்னைக் கேளுங்க" என்றேன்.

முந்தைய நாள் சாதாரணக் கறுப்பு மூடியில் நன்றாகத்தானே ஓடியது? தகடு அதே தகடு. மாறியது பெயிண்ட் மட்டும்தான். பிளேடை எடுத்து, எல்லாருக்கும் எதிரிலேயே மூடியின் மேல்பக்கத்தைச் சுரண்டினேன். "ஏய், அதுதான் முடிவான மாதிரி மூடி!" என்று ஒருவர் பதறினார். நான் நிறுத்தவில்லை. மேசையெல்லாம் வெள்ளித் தூள். திரும்ப மாட்டினேன்.

பள்ளம் விழுந்தது, கௌரி! அகலமாக, ஆழமாக, நீ இருந்தபோது எப்படி விழுந்ததோ அப்படியே. பெயிண்டில் கலந்திருந்த உலோகத் தூள்தான் அதுவரை அலையை மறித்திருக்கிறது.

"வெள்ளி நிறம் இருந்தால்தான் விற்கும்" என்று அவர்கள் விடவில்லை. "வெள்ளி மாதிரி தெரியட்டும், உலோகம் இருக்கவேண்டாம். வேற பெயிண்ட் கொண்டுவாங்க" என்றேன். முனகிக்கொண்டே கொண்டுவந்தார்கள். அதிலும் தேறியது. நம் அறைக்கு இனி பூட்டு இல்லை.

கடைசியாக, சிக்னல் மெலிந்த இடத்தில் பேசிப் பார்க்கவேண்டும் என்றார்கள். யோசிக்காமல் செலண்டார் என்றேன். செம்பனை மரங்களுக்கு நடுவே உன் அம்மா வீட்டு வாசலில் நின்று ஆபீசுக்கு அழைத்து, போனை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் எங்கே நழுவிவிடுமோ என்று இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார், சரியாக உன் தகடு இருக்கும் இடத்தை. தடுக்கப் போனவள் நின்றுகொண்டேன். ஜனங்கள் அப்படித்தானே பிடிப்பார்கள்?

அந்தப் பக்கம் டான், "மக்சிக், போலே டெங்கார்?" என்று, குரல் கேட்கிறதா என மலாயில் விசாரிப்பது எனக்கே கேட்டது. "டெங்கார் ஐயா, டெங்கார்! பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்று அம்மா மலாயும் தமிழுமாகக் கத்தினார். ஒரு சொல்கூட அறுபடவில்லை.

பேசி முடித்ததும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எதும்மா என் பொண்ணு செஞ்சது? வெளிய ஒண்ணும் தெரியலையே?"

"உள்ள இருக்கும்மா."

அம்மா அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். நான் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆபீசில் கேட்டால் சோதனை இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

காப்புரிமைப் படிவத்தில் கண்டுபிடித்தவர் என்று முதலில் உன் பெயரைத்தான் பதியச் சொல்லியிருக்கிறேன். "இறந்தவங்க பேரைப் போடலாமா?" என்று டான் தயங்கினார். "செஞ்சது அவதானே?" என்றேன். அவர் பேனாவை எடுத்து உன் பெயரை எழுதினார்.

அடுத்த போன் இதைவிட மெலிசாம். இன்னொரு அலைவரிசையும் வேண்டுமாம், இடம் மட்டும் பாதிதானாம். முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். செய்தும் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செலண்டாருக்குப் போவேன். அம்மா சமைத்ததைச் சாப்பிடுவேன், அவர் சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்பேன். இந்த இரண்டையும் விடமாட்டேன், இது உனக்கு என் வாக்கு.

உன் அம்மாவுக்கு இப்போது மூத்த மகளாகிவிட்ட
சாந்தி அக்கா