ஒன் பை நாற்பத்து மூன்று

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் வந்தான். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே வந்து அதை என் சாப்பாட்டு மேசை மேல் வைத்தான். "அம்மா பீரோவுல இருந்துச்சு ஆன்ட்டி. ஏதோ டாய் கார். உங்க பேரனுக்குக் குடுங்க, விளையாடுவான்" என்றான். நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவன் முகமும் வாடித்தான் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

டாய் காராம். விளையாடுவானாம்.

அவன் போனதும் மூடியைத் திறந்தேன். அந்த வாசனை வந்தது. புது பிளாஸ்டிக் வாளியை வெயிலில் வைத்தால் வருமே, அதில் கொஞ்சம் நெயில் பாலிஷ் கலந்த மாதிரி. உள்ளே பாலிதீன் பை பிரிக்காமல் இருந்தது. கூரை இல்லாத குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பு, வெண்ணெய் நிறத்தில், ஒரே துண்டாக. மூடியின் உள்பக்கம் உன் கையெழுத்தில் இரண்டே சொல்: "பை டூ."

பொறுக்க முடியவில்லை எனக்கு. அழுகை இல்லை, கோபம்தான் வந்தது. பென்ஷன் வாங்கின அன்றே வாங்கி வைத்தேன் என்றாய். "கண் ஆபரேஷன் முடியட்டும், சேர்ந்து செய்யலாம்" என்றாய். கண் சரியாயிற்று. அப்புறம் உன் மருமகளுக்குப் பிரசவம், அப்புறம் உன் வீட்டுக்காரருக்கு முட்டிவலி. எல்லாருடைய வேலையும் முடிந்து உன் வேலை வருவதற்குள் நீ போய்விட்டாய். உன்னிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தொண்ணூற்று மூன்றில் நாம் இருவரும் பெங்களூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசை. நாள் முழுக்க அடுத்தவர்களுடைய வண்டிகள்தான். நிறம், இன்ஜின் நம்பர், பெயர் மாற்றம். உனக்கு லைசென்ஸ் இருந்தது. என்னிடம் அதுவும் கிடையாது. ஜீவனஹள்ளியில் உன் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர், உறை போட்டு நிற்கும். ஒருநாள் சாவியைக் கேட்டதற்கு உன் வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த ரிஸ்க்கு? எங்க போகணும் சொல்லு, நான் கொண்டுபோய் விடறேன்" என்றாராம். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்த 'உனக்கு எதுக்கு' உன்னைக் குத்திக்கொண்டே இருந்தது. பத்து வருஷம் அதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்த வருஷம்தான் பெயர் மாற்றத்துக்கு வந்த ஒரு ஆள், காகிதம் பறக்காமலிருக்க என் மேசை மேல் விரல் நீளக் கார் ஒன்றை வைத்தார். கதவிடுக்கு, கண்ணாடித் துடைப்பான், எல்லாம் அச்சு அசல். அவரே செய்ததாம். ரெசின் கிட் என்றார். பிசினை அச்சில் வார்த்த துண்டுகளாகத்தான் வரும், நாமே தேய்த்து, ஓட்டை அடைத்து, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவள் நான். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கடை எங்கே என்று கேட்டு, விற்பனைப் பட்டியலின் ஜெராக்ஸையும் அவரிடமிருந்து வாங்கிவிட்டாய்.

மறுநாள் ஆபீஸ் எதிரே தர்ஷினி ஓட்டலில், ஒரு காபியை இரண்டு டம்ளரில் வாங்கிக்கொண்டு அந்தப் பட்டியலை விரித்தோம். சில கார்களுக்கு எதிரே 1/24, சிலவற்றுக்கு எதிரே 1/43. "நாற்பத்து மூணே வாங்கலாம், பெரிசா இருக்கும்" என்றேன். பெங்களூரில் வீட்டுமனை பேச்சிலேயே வளர்ந்தவள் வேறெப்படி நினைப்பேன்? இருபதுக்கு முப்பது சின்ன சைட், முப்பதுக்கு நாற்பது பெரிய சைட். எண் கூடினால் இடம் கூடும்.

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா ஒன் பை டூ குடிக்கிறியே, அது முழு காபியாடி?"

"பாதி."

"ஒன் பை த்ரீ சொன்னா?"

"இன்னும் கம்மி."

"அப்போ ஒரு காரை நாற்பத்து மூணு பேருக்குப் பிரிச்சு ஊத்தினா, உன் டம்ளருக்கு எவ்வளவு வரும்?"

அவ்வளவு பெரிய அம்பாசிடர் பத்து சென்டிமீட்டராகச் சுருங்குகிற கணக்கு எனக்கு அப்படித்தான் புரிந்தது. "பரவால்ல, என் பங்கு வந்தா போதும்" என்றேன். நீ குறைவாக இருந்த டம்ளரை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில் கடைக்குப் போனோம். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பின்சந்தில், கூரையிலிருந்து மரக்கட்டை விமானங்கள் தொங்கும் சின்னக் கடை. கடைக்கார பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "யாருக்கு மேடம்? பச்சாக்கா?"

"ஆமா, பையனுக்கு. பத்தாவது படிக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். நாக்கு தானாகச் சொல்லிற்று. நாற்பத்து நாலு வயசுப் பொம்பளை பொம்மைக் கார் கேட்கிறாள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவர் உடனே ரெசின் பெட்டிகளை உள்ளே தள்ளினார். "அப்போ இது வேணாம் மேடம், இது கை பழகினவங்களுக்கு. பிளாஸ்டிக்ல எடுங்கோ. அமுக்கினா ஒட்டிக்கும்" என்று வேறொன்றை எடுத்து வைத்தார். நான் தலையாட்டி, பணம் கொடுத்து வாங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நீ கடையில் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன் உன்னை.

"உன் பையன் கேட்டானா கார் வேணும்னு? அவன் கேட்டது கிரிக்கெட் பேட்டு. உன் ஆசையை எதுக்கு அவன் தலையில கட்டுற?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"என் வீட்ல அவர் சொல்றார், உனக்கு எதுக்குன்னு. நீ யாரும் சொல்லாமலே உன்னைப் பார்த்துச் சொல்லிக்கிற. அவரே தேவல."

உன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். அடுத்த வாரம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். தர்ஷினியில் எனக்கு எதிரே நின்று, உனக்கென்று ஒரு முழு காபி வாங்கிக் குடித்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுத் தனியாகப் போனேன். பாய் அடையாளம் கண்டுகொண்டார். "பச்சாக்குப் பிடிச்சிருக்கா மேடம்?" என்று அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றிக் கேட்டார். நான் அதை மேசை மேல் வைத்தேன்.

"இது பையனுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ரெசின் காட்டுங்க. எனக்குத்தான்."

காது சூடாகிவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "முதல்லேயே சொல்றதுதானே மேடம்? உட்காருங்கோ" என்றார். எட்டுப் பெட்டி இறங்கியது. முதல் வண்டி என்றால் துண்டு குறைவாக இருக்க வேண்டும், உடம்பில் ஊசித் துளை அதிகம் இருக்கக் கூடாது, கண்ணாடி மேல் வைத்தால் நாலு பக்கமும் படிய வேண்டும் என்றார். கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தள்ளி, "இதான் சுலபம்" என்றார். நான் கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வண்டியைப் பார்த்து அம்பாசிடரைச் செய்தார்களோ, அந்த இங்கிலாந்து அக்கா அதில் இருந்தாள். அதே மூக்கு, அதே தொப்பை. "அது வேணாம் மேடம், கூரை கோணியிருக்கு. மூணு வருஷமா யாரும் எடுக்கல" என்றார். அதைத்தான் எடுத்தேன். உன் வாசலில் உறை போட்டு நிற்பதை விட்டுவிட்டு வேறெந்தக் காரை நான் எடுப்பேன்?

திங்கட்கிழமை அதை உன் மேசை மேல் வைத்தேன். "யாருக்கு?" என்று கேட்டாய், நிமிராமலே. "எனக்கு" என்றேன். பெட்டியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாய், ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "வா, பை டூ சொல்லலாம்" என்றாய்.

கோணல் கூரையை நிமிர்த்த வெந்நீரில் முக்கச் சொல்லியிருந்தார் பாய். நாம் இரண்டு பேரும் பெரிய புத்திசாலிகள். வெந்நீரைவிட ஆவி நல்லது என்று முடிவுகட்டி, என் இட்லிப் பானையில் துணி விரித்து, மூடி, பத்து நிமிஷம் வேக வைத்தோம். திறந்தால் கூரை வெயில் பட்ட வெல்லம் மாதிரி உள்ளே குழிந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ கை சுடச் சுட அதைத் தூக்கி, இரண்டு கட்டைவிரலாலும் உள்ளிருந்து மெல்லத் தள்ளி, குழாய்த் தண்ணீரில் காட்டினாய். நிமிர்ந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இட்லி ஆச்சா?" என்றார். "இன்னிக்குக் கார்தான் சார் டிபன், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பானையில் இட்லி வேகவில்லை, பரணுக்குப் போயிற்று.

அந்த வெள்ளைக் கார் என் ஷோகேஸில் இன்னும் நிற்கிறது. கூரையில் உன் கட்டைவிரல் தள்ளிய மேடு லேசாகத் தெரியும். பார்க்கிறவர்கள் குறை சொல்வார்கள். நான் தேய்க்கவில்லை, தேய்க்கவும் மாட்டேன்.

நேற்று உன் மகன் போன் செய்தான். "பேரனுக்குப் பிடிச்சுதா ஆன்ட்டி?"

"பேரனுக்கு இல்லப்பா. அது எனக்கு. எனக்கும் உங்கம்மாவுக்கும்."

"அம்மா இதெல்லாம் செய்வாங்களா?" என்றான். உனக்கு லைசென்ஸ் இருந்ததுகூட அவனுக்குத் தெரியாது. கூரையைப் பற்றிச் சொன்னேன். அதை வந்து பார்க்கலாமா என்று கேட்டான். "வா. தொட்டுப் பார்க்காதே" என்றேன்.

இன்று காலை உன் பெட்டியைப் பிரித்துவிட்டேன். பாய் சொன்ன சுலபமான வண்டியாம். கண்ணாடி மேல் வைத்தால் ஒரு பக்கம் தூக்குகிறது. பரணிலிருந்து பானையை இறக்கினேன். இந்தத் தடவை வெந்நீர்தான், ஆவி கிடையாது. சிவப்பு அடிக்கப் போகிறேன், நல்ல ரத்தச் சிவப்பு. இந்த வயசுக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

தண்ணீர் சூடாகும் வரை காபி போட்டேன். கைப்பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன், ஒன்றில் கொஞ்சம் குறைவாக. கேட்டால், "எனக்குக் காபி ஒத்துக்காதுடி" என்று எப்போதும் குறைந்ததை எடுப்பாய். அந்த ஒரு வாரம் முழு டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்ததைப் பார்த்தவள் நான். நீயும் பொய்க்காரிதான்.

மருமகள் எட்டிப் பார்த்து, "யாராவது வர்றாங்களா அத்தை? ரெண்டு காபி இருக்கே" என்றாள்.

"யாரும் வரலம்மா. ரெண்டும் எனக்குத்தான்" என்றேன்.