சிவப்புப் புள்ளி வைத்த பன்னிரண்டு கிண்ணங்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குச் சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லித்தான் கேட்கிறேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப் போவதைத் தொடங்கிவிட்டால் நல்லது சொல்ல வாய் வராது. பெரியக்காவின் மூத்தவன் பல் வைத்தியத்தில் கடைசிப் பரீட்சை பாஸாகிவிட்டான், வகுப்பிலேயே இரண்டாவது, வாயைத் திற பாட்டி என்று என்னைத்தான் முதலில் பிடித்தான், இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டுமாம், ஆசையைப் பார். அவன் தங்கை நீச்சலில் மூன்று பதக்கம், கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பிட உட்காருகிறாள். சின்னக்கா மகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் நிரந்தர வேலை. அவள் தம்பி, நம்ம உருளை, பாட்டுப் போட்டியில் முதலாவது, குரல் உடைந்துகொண்டிருக்கிற நேரத்தில் எப்படி ஜெயித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. உன் மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினதை மருமகள் சொன்ன அன்றே தெரு முனை தையல்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் வம்சம் இது என்று நான் தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன். அப்படி நிமிர்த்தி நடந்ததில்தான் காலடியில் இருந்ததைப் பார்க்காமல் மிதித்துவிட்டேன் மகனே, அதன் நாற்றம் இன்னும் போகவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் குண்டு விழுந்து வீடு வாசல் போனவர்களில் பன்னிரண்டு பேர் நம் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய தையல் பள்ளியில் இருக்கிறார்கள் என்று முன்பே எழுதினேன். பாஷைதான் வேறு, ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான், கண்ணை மூடினால் அதே ஆண்டவர்தான். அதில் ஒருத்தி அங்கே பேக்கரி வைத்திருந்தவள், நாற்பது வயது இருக்கும், கை முழுக்கப் பழைய அடுப்புச் சூட்டுத் தழும்பு. திருவிருந்து அப்பத்துக்கு ரொட்டி கொடுக்கிற கடை மூடிவிட்டதால் போதகர் அவளிடம் கேட்டார், அவளும் மூன்று மாதமாகச் செய்துகொடுக்கிறாள். நம் செயலாளர் மனைவி, அதுதான் மூன்றாம் வரிசை மகாராணி, இப்படி மெத்தென்று அப்பம் நான் ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை என்று இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள், திருவிருந்தில் யாராவது இரண்டாவது துண்டு கேட்பார்களா. யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளே போனைத் தூக்கிக்கொண்டு நான் கிண்ணம் கழுவுகிற அறைக்கு வந்தாள். இருபத்தாறு வருஷமாகத் திருவிருந்துத் திராட்சை ரசம் ஊற்றுகிற அந்த நூற்றிருபது குட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தையும் நான்தான் கழுவுகிறேன், ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உதட்டுத் தடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தட்டில் கவிழ்ப்பேன், உனக்குத் தெரியும். பாருங்க அம்மா, உங்க மகனே சபை குரூப்பில் அனுப்பியிருக்கார், படிச்சவர், வெளிநாட்டில் இருந்து எல்லாம் பார்க்கிறவர் என்று படித்துக் காட்டினாள். ஓடி வருகிறவர்கள் நோயைக் கொண்டு வருகிறார்களாம், வேண்டுமென்றே சபைகளுக்குள் நுழைகிறார்களாம், உங்கள் ஆலயத்தைக் காத்துக்கொள்ளுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். கீழே ஆமென். கூப்பின கை இரண்டு. மேலே உன் பெயர். உள்ளதைச் சொல்கிறேன் மகனே, எனக்கு முதலில் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. சபை முழுக்க என் பிள்ளை சொன்னதைப் படிக்கிறது என்று. அதனால் கமிட்டியில் முடிவாகிவிட்டது, அவர்களுக்குத் தனியாகப் பன்னிரண்டு கிண்ணம், அடியில் அடையாளம் வையுங்கள், யாருக்கும் மனசு நோகாமல் செய்துவிடலாம் என்று அவள் சொன்னபோது நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீச்சல்காரியின் சிவப்பு நெயில் பாலிஷை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பன்னிரண்டு கிண்ணத்துக்கும் அடியில் புள்ளி வைத்தேன். கை நடுங்காமல் அழகாக வைத்தேன். இப்போது அந்தக் கையைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது.

யோசித்துப் பார், அவள் பிசைந்த மாவு நம் வாய்க்குள் போகலாம், அவள் வாய் பட்ட கிண்ணம் நம் கிண்ணத்தோடு உரசக்கூடாது. இந்தக் கூத்தை நம் ஆட்களைத் தவிர யார் செய்வார்கள். அன்று ராத்திரியே தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற சீஷன் என்று தெரிந்தும் ஆண்டவர் அவனுக்கு அதே மேசையில்தான் கொடுத்தார், தனியாக ஒரு கிண்ணம் எடு என்று யாரிடமும் சொல்லவில்லை. இது ஐந்தாம் வகுப்புக்கே எட்டுகிறது, கமிட்டிக்கு எட்டவில்லை, உனக்கும் எட்டவில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு ஆலயத்தில் பெரிய திரையில் குண்டு விழுந்த ஊரைக் காட்டி உருகி உருகி ஜெபிக்கிறார்கள், திரையில் இருந்தால் கண்ணீர், பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் கைக்குட்டை மூக்குக்குப் போகிறது. த்தூ.

பேக்கரிக்காரி போன திருவிருந்து முடிந்ததும் தானாகவே எனக்குக் கழுவ ஒத்தாசைக்கு வந்தாள். தொழில் செய்தவள் கண் அல்லவா, கவிழ்க்கும்போதே பார்த்துவிட்டாள். சிவப்புப் புள்ளி உள்ளதை எல்லாம் ஒழுங்காகத் தனி வரிசையில் வைத்து, இது என்ன என்று அரைகுறை பாஷையில் கேட்டாள். நான் வாய்கூசாமல், அது உங்களுக்கென்று வாங்கின புதுக் கிண்ணம் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எப்பவும் எங்களுக்குப் புதுசா கொடுக்கிறீங்க, ரொம்ப நன்றி அம்மா என்று ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் சொல்.  மூன்றாம் நாள் பாலிஷை அழிக்கிற மருந்தும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டையும் துடைத்து மற்றதோடு கலந்துவிட்டேன், எது எது என்று இனி எனக்கே தெரியாது. பிறகு தையல் பள்ளிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கமிட்டி சொன்னதை, நான் புள்ளி வைத்ததை, யார் அனுப்பின சேதியால் என்பதையும். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த ஞாயிறு திருவிருந்து மேசையில் அப்பம் இல்லை. போதகர் துணியைத் தூக்கிப் பார்க்கிறார், வெறும் தட்டு. என்ன ஆச்சு என்று என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, அப்பம் செய்கிறவள் வரவில்லை ஐயா, அவளுக்கும் அவள் ஆட்களுக்கும் நாம் தனிக் கிண்ணம் வைத்தோம், வைத்த கை என்னுடையது, இப்போது எல்லாம் கலந்து கிடக்கிறது, குடிக்க மனசு உள்ளவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து குடிக்கட்டும் என்று சொன்னேன். மூன்றாம் வரிசை மகாராணிக்கு அப்போதுதான் உறைத்தது, மூன்று மாதமாகத் தின்றது யார் கை அப்பம் என்று, வாயைத் துடைத்தாள் பார், உதடு கழன்றுவிடும் போல. செயலாளர், கிண்ண அலமாரிச் சாவியைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். நூற்றிருபது கிண்ணத்தையும் தேய்க்க நீங்கள் வருகிறீர்களா என்றேன், கை தானாக உள்ளே போய்விட்டது. போதகர் மேசைத் துணியை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு நமக்குத் திருவிருந்து கிடையாது என்று சொல்லி இறங்கிவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் ரொம்பத் தாமதம்.

அன்றிலிருந்து மூன்று தடவை அவள் கதவைத் தட்டினேன். நேற்றுத்தான் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அந்தச் சேதி அனுப்பின உங்க மகனைப் பார்க்கணும் என்றாள். பையில் இருந்த உன் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன், பத்தொன்பது வயதில் பாடகர் அங்கி போட்டு நிற்பாயே, அது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். இந்தப் பிள்ளை அப்படி எழுதியிருக்காது அம்மா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். திரும்ப ஆலயத்துக்கு வருவாளா மாட்டாளா என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளை வேலை முடிந்து தனியாக நடந்து வரவிடாதே, பிள்ளைகளுக்கு நம் பாஷையில் ஜெபம் சொல்லிக்கொடு. நீயும் அங்கே யாரோ ஒருத்தர் ஊருக்குப் போய் நிற்கிறவன்தான், உன் கிண்ணத்துக்கு அடியில் யாரும் புள்ளி வைக்காதபடி ஆண்டவர் காக்கட்டும், உன் வாசல் ஆசீர்வாதமாக இருக்கட்டும், எவ்வளவு அருவருத்தாலும் நீ என் பிள்ளை என்பது மாறாது. ஒன்றே ஒன்று மறக்காமல் செய். உன் போட்டோ புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், காருக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு வேண்டாம், நேராகப் பார், முகம் முழுசாகத் தெரிய வேண்டும். போனில் தள்ளிவிடாதே, நீயே நடந்துபோய்த் தபாலில் போடு. இப்போது உனக்கு என்ன முகம் என்று அவளுக்குக் காட்ட வேண்டும், அதற்கு முன்னே நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா